மறுமொழி உறையும் அயல்நாட்டு அஞ்சல்தலையும்



கவிதை பேசும் அவையில் அஞ்சல்தலை பேசப்படுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் எழுதிய கவிதை இதழைச் சென்றடைவதும், இதழின் முடிவு கவிஞரை வந்தடைவதும் நெடுங்காலம் அந்தச் சிறு தாள்துண்டை நம்பியே நிகழ்ந்தன. தன் முகவரி எழுதிப் போதிய அஞ்சல்தலை ஒட்டிய உறை இணைக்கப்படாவிடின் படைப்புகள் திருப்பி அனுப்பப்பெறா என்னும் பொருள்பட்ட அறிவிப்பைத் தமிழ் இதழ்களில் காணாத கவிஞர் இவ்வவையில் இருத்தல் அரிது.

செய்தி அனுப்புவோர் மறுமொழிக்கும் தாமே வழிசெய்ய வேண்டும் என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தூது இலக்கியத்தின் அமைப்பை நோக்குக. தலைவி தூதுப்பொருளைப் புகழ்கிறாள். தலைவனின் பெருமையைச் சொல்கிறாள். எவ்வேளையில் அணுகலாம், எவ்வேளையில் அணுகலாகாது என்றும் அறிவுறுத்துகிறாள். இத்தனையும் சொன்ன பின்னர், தலைவன் அணிந்த மாலையை வாங்கி வருமாறு வேண்டுகிறாள். மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதுவிடும் 'தமிழ்விடு தூது' நூலிலும் அவ்வேண்டுகோள் உண்டு. போவதோடு தூது முடிவதில்லை. மாலையோடு மீள்வதே அதன் நிறைவு.

உள்நாட்டில் இது எளிது. மதுரையில் வாங்கிய அஞ்சல்தலை சென்னையிலும் செல்லும். எல்லை கடக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. மதுரைக் கவிஞர் ஒருவர் தம் கவிதைகளின் ஆங்கில ஆக்கத்தைச் சிகாகோவிலுள்ள இதழொன்றுக்கு அனுப்புகிறார் எனக் கொள்க. உள்ளே வைக்கும் மறுமொழி உறையின் மீது, வெளியுறையில் ஒட்டிய அதே மதிப்புக்கு இந்திய அஞ்சல்தலைகளை ஒட்டுகிறார். போகும் தொலைவும் வரும் தொலைவும் ஒன்றே என்பதால் கணக்கு நேரானதாகவே அவருக்குத் தோன்றும். ஆனால் அவ்வுறை அஞ்சலில் சேர்க்கப்படும் இடம் சிகாகோ. அஞ்சல்தலை என்பது ஒரு நாட்டின் அஞ்சல் துறை, முன்பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த பற்றுச்சீட்டு. இந்தியத் துறை பெற்ற பணத்துக்கு அமெரிக்கத் துறை ஊழியம் செய்யாது. அங்கே அத்தலைகள் வெறும் படங்களே. ஈழத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சென்னை இதழ்களுக்கு எழுதிய தமிழ்க் கவிஞர்களுக்கும் இதே இடர் உண்டு. சென்னையில் புறப்படும் உறைக்கு இந்திய அஞ்சல்தலைதான் வேண்டும்.

அப்படியாயின், இந்தியத் தலை ஒட்டிய மடலை அமெரிக்கத் தபால்காரர் மட்டும் ஏன் வீடு தேடிக் கொடுக்கிறார் என்று கேட்கத் தோன்றும். அதற்கான விடை 1874-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையில் இருக்கிறது. அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் பிறந்தது அவ்வுடன்படிக்கையால்தான். இந்தியா 1876-இல் அதில் சேர்ந்தது. அஞ்சல்தலை விற்ற நாடு அப்பணம் முழுவதையும் தானே வைத்துக்கொள்ளலாம். பெறும் நாடு மடலைக் கட்டணமின்றிக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அங்கே வகுக்கப்பட்ட நெறி. பெறும் நாட்டுக்கு இதில் இழப்பு இல்லையா? ஒவ்வொரு மடலும் ஒரு மறுமொழியைப் பிறப்பிக்கும், ஆதலின் இருபுறப் போக்குவரத்தும் ஏறத்தாழச் சமமாகிவிடும் என்று ஒன்றியத்தை அமைத்தோர் கருதினர். உலக அஞ்சல் ஏற்பாட்டின் கணக்கு, எழுதியவர்க்கு மறுமொழி வரும் என்னும் நம்பிக்கையின் மேல் எழுந்தது! இதழாசிரியர்களின் மௌனத்தை அறிந்த கவிஞர் எவரும் அக்குழுவில் இருந்திருக்க மாட்டார் போலும். அந்நம்பிக்கை ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. செல்வ நாடுகள் அனுப்புவது மிகுதி, பெறுவது குறைவு என்பது வெளிப்பட்ட பின்னர், 1969-ஆம் ஆண்டு டோக்கியோ மாநாட்டில், மிகுதியாகப் பெறும் நாட்டுக்கு ஈடு தரும் முறை ஏற்கப்பட்டது.

நாடுகளுக்கிடையே கணக்கு இவ்வாறு தீர்ந்தாலும், மறுமொழிக்கான செலவை முன்கூட்டியே செலுத்த விரும்பும் தனிமனிதருக்கு வழி இல்லாதிருந்தது. அக்குறையை 1906-ஆம் ஆண்டு ரோம் மாநாடு நீக்கியது. அங்கே உருவாக்கப்பெற்ற பன்னாட்டு மறுமொழிக் கூப்பன் 1907 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டில் அதை விலைக்கு வாங்கி மடலுடன் வைத்து அனுப்பலாம். பெறுபவர் தம் ஊர் அஞ்சல் நிலையத்தில் அதைக் கொடுத்து, அயல்நாட்டுக்குச் செல்லும் ஒரு சாதாரண மடலுக்குரிய அஞ்சல்தலைகளைப் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு நாட்டிலும் கட்டணம் என்ன, நாணய மாற்று என்ன என்று கவிஞர் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூப்பனில் ஒரு தொகை எழுதப்படவில்லை. ஒரு மடலின் பயணம் எழுதப்பட்டிருந்தது என்று சொல்வது பொருந்தும்.

இந்த நல்லேற்பாட்டிலும் ஓட்டை கண்டவர் உண்டு. இத்தாலியிலிருந்து குடியேறிப் பாஸ்டனில் வாழ்ந்த சார்லஸ் பொன்சி என்பவர், நாணய மதிப்பு வீழ்ந்த நாட்டில் கூப்பனை மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் பெரும் ஆதாயம் கிட்டும் என்று விளம்பரம் செய்தார். 45 நாளில் 50 விழுக்காடு ஆதாயம் தருவதாக 1920-இல் அவர் சொன்ன சொல்லை நம்பி ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினர். அவர் திரட்டிய தொகைக்கு ஈடாகக் கூப்பன்கள் வாங்கியிருந்தால் 16 கோடி கூப்பன்கள் புழங்கியிருக்க வேண்டும். உண்மையில் புழக்கத்தில் இருந்தவையோ ஏறத்தாழ 27,000 என்று அப்போது கணக்கிடப்பட்டது. புதியவர்களின் பணத்தைப் பழையவர்களுக்குக் கொடுத்துக் கொண்டிருந்தார் அவர். இன்றும் அவ்வகை ஏமாற்றுக்கு அவர் பெயரே வழங்குகிறது. நிராகரிக்கப்பட்ட கவிதையை வீடு சேர்க்கப் பயன்பட்ட தாளுக்கு இப்படியும் ஒரு வரலாறு!

கூப்பனைக் கையாள்வதில் கவிஞர்கள் இடறும் இடங்கள் சில. அதை அஞ்சல்தலை போல உறைமேல் ஒட்டலாகாது. தனியே உள்ளே வைத்தல் வேண்டும். 2002 முதல் வெளியான கூப்பன்களில் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்து முடிவு சொல்லும் இதழுக்கு அனுப்புவோர் அந்நாளைப் பார்ப்பது அவசியம். இவற்றினும் பெரிய இடர் வேறு. கூப்பனை மாற்றித்தர ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் கடமைப்பட்டிருந்தாலும், விற்பதும் விற்காதிருப்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம். பிரிட்டன் 2011-ஆம் ஆண்டு இறுதியோடும், அமெரிக்கா 2013 ஜனவரியோடும் விற்பனையை நிறுத்திக்கொண்டன. விற்காத பொருளை அஞ்சல் எழுத்தரும் மறந்துவிடுவார். கவிதையைத் திருப்ப எண்ணிய ஆசிரியர், வரிசையில் நின்று, கூப்பன் என்பது யாது என்று எழுத்தருக்கு விளக்கி, பின்னர் அஞ்சல்தலை பெற வேண்டிய நிலை. ஊதியமின்றி இதழ் நடத்துபவரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது மிகை. அத்தகைய நாட்டுக்குக் கூப்பன் அனுப்புவதை இறுதி வழியாகவே கொள்ளுதல் தகும்.

அந்நாட்டு அஞ்சல்தலையையே முன்னதாகப் பெற்று ஒட்டுவது இதனினும் சிறந்தது. அயல்நாட்டில் வாழும் உறவினரோ நண்பரோ பத்துத் தலைகள் வாங்கி அனுப்பினால் பல ஆண்டுகளுக்குப் போதும். எனினும் எந்தத் தலை என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2007 முதல் விற்கப்படும் 'ஃபாரெவர்' தலை, கட்டணம் உயர்ந்தாலும் செல்லுவது. ஆனால் அது உள்நாட்டு மடலின் கட்டணத்துக்கு மட்டுமே ஈடாகும். மதுரைக்கு வரவேண்டிய உறையில் அதை ஒன்று மட்டும் ஒட்டினால் போதாது. அயல்நாட்டு மடலுக்கென 2013-இல் வெளியிடப்பட்ட 'குளோபல் ஃபாரெவர்' தலையே வேண்டும். பழைய தலைகளைச் சேர்த்து வைத்திருப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் பட்டைக்குறி இல்லாத வழக்கமான அரசித் தலைகள் 2023 ஜூலையோடு செல்லாதவையாயின. ஜெர்மனியில் மார்க் மதிப்பிட்ட தலைகள் 2002 ஜூன் வரையே செல்லுபடியாயின.

அடுத்தது எடை. கவிஞர்கள் சீரை அலகிடுவதில் காட்டும் கவனத்தைத் தாளை நிறுப்பதிலும் காட்டினால் பல உறைகள் பிழைத்திருக்கும். வழக்கமான ஏ4 தாள், சதுர மீட்டருக்கு 80 கிராம் என்னும் தரத்தில், ஒன்றுக்கு 5 கிராம் நிறுக்கும். நீள உறை ஒன்று ஏறத்தாழ அதே எடை. மூன்று தாள் கவிதையும், வெளியுறையும், உள்ளே மடித்து வைத்த மறுமொழி உறையும் சேர்ந்தால் 25 கிராம். அயல்நாட்டு மடலின் முதற்படி பல நாடுகளில் 20 கிராமோடு முடிகிறது. கூப்பன் தருவதும் அப்படியின் குறைந்த கட்டணத்தையே. போகும்போது ஒரு படி மேலேறும். வரும்போதோ மூன்று தாளும் ஓர் உறையும் 20 கிராம் என்னும் விளிம்பில் நிற்கும். ஆசிரியர் அன்போடு நான்கு வரி எழுதிய சீட்டொன்றை உள்ளே வைத்தால் எல்லை கடந்துவிடும்! கட்டணம் குறைந்த அயல்நாட்டு மடலின்மீது 'டி' என்னும் எழுத்து முத்திரையாக விழும். வரி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து அது. குறைந்த கட்டணத்தை மடலைப் பெறுபவர் செலுத்த நேரும். உள்நாட்டில் பேரிங் மடல் என்று வழங்கியதன் உறவினர் இது. தம் கவிதை மறுக்கப்பட்ட செய்தியைத் தண்டம் கட்டி வாங்கும் கவிஞரின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே கவிதைத் தாள்களைத் திருப்பிக் கேளாதிருப்பதே நன்று. படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, தாள்களை அழித்துவிடலாம், முடிவை மட்டும் தெரிவிக்கவும் என்று எழுதினால், ஒரு தாள் மறுமொழியும் உறையும் 10 கிராமுக்குள் அடங்கும். கையெழுத்துப் படி ஒன்றே இருந்த காலத்தில் இது இயலாததாக இருந்தது. திரும்பாத உறை என்பது தொலைந்த கவிதையாகவே இருந்தது. படியெடுக்கும் பொறிகள் வந்தபின் அந்த அச்சம் நீங்கிற்று. உறையில் டாலர் தாளை வைத்து அனுப்புவோரும் உண்டு. பதிவு அட்டைகளைப் பரிமாறும் வானொலி ஆர்வலரிடையே இது நெடுநாள் வழக்கம். ஆயினும் காப்பீடு செய்யாத மடலில் பணத்தாள் வைப்பதை ஒன்றியத்தின் விதிகள் தடுக்கின்றன. உறை வழியில் பிரிக்கப்பட்டால் பணத்தோடு கவிதையும் போகும்.

சிகாகோவில் ஹாரியட் மன்றோ 1912-இல் தொடங்கிய 'பொயட்ரி' இதழில் அவ்வாண்டு டிசம்பரிலேயே தாகூரின் கவிதைகள் வெளிவந்தன. லண்டனிலிருந்து அவற்றை அனுப்பியவர் அவ்விதழின் அயல்நாட்டுத் தொடர்பாளராகிய எஸ்ரா பவுண்ட். மறுமொழி உறையைப் பற்றித் தாகூர் கவலையுற வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கவிஞர்க்கும் ஒரு பவுண்ட் வாய்ப்பதில்லை.

இன்று ஆங்கில இதழ்கள் பலவும் கணினி வழியாகவே படைப்புகளைப் பெறுகின்றன. இளங்கவிஞர்க்கு இவ்வுரையின் பெரும்பகுதி பழங்கதையாகப்படலாம். ஆயினும் தாளில் மட்டுமே படைப்பைப் பெறும் சிற்றிதழ்கள் அற்றுப்போகவில்லை. அவற்றினும் முதன்மையாக மொழிபெயர்ப்பாளரை எண்ணுதல் வேண்டும். அயல்மொழிக் கவிஞர் ஒருவரைத் தமிழில் தர முனைபவர், முதிய அக்கவிஞரிடமோ அவர் மறைந்தபின் உரிமை பெற்றவரிடமோ இசைவு கேட்டு எழுத நேர்கிறது. மின்னஞ்சல் முகவரி இல்லாதவரிடம் எழுத்தில் இசைவு பெற மடலே வழி. முன்பின் அறியாத தமிழர் ஒருவருக்காக அவர் அஞ்சல் நிலையத்துக்கு நடக்க வேண்டுமா, வாசலில் உள்ள பெட்டியில் இட்டால் போதுமா என்பது, உள்ளே இருக்கும் உறையின் மேல் ஒட்டப்பட்டிருப்பதைப் பொறுத்தது. தமிழில் ஒரு நூல் வருவதும் வராதிருப்பதும் அதைச் சார்ந்து நின்றுவிடக்கூடும்.

மறுமொழி உறையில் தம் முகவரியை எழுதும்போதும் ஒரு குறை நேர்வதுண்டு. ஊர், மாவட்டம், 1972 முதல் வழங்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றோடு பலரும் நிறுத்திவிடுகின்றனர். தம் ஊருக்கு எழுதுகிறோம் என்னும் நினைவே காரணம். அவ்வுறை புறப்படுவது அயல்நாட்டிலிருந்து. முகவரியைத் தமிழிலேயே எழுதினாலும், இந்தியா என்னும் நாட்டின் பெயரைக் கடைசி வரியில், ஆங்கிலப் பேரெழுத்துகளில், தனியாக எழுதுதல் வேண்டும். அமெரிக்க அஞ்சல் ஊழியர் முதலில் படிப்பது அவ்வரியைத்தான்.