சரக்கு வண்டி: மின்சாரமா, என்ஜினா?



டில்லியில் ஆசாத்பூர் என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. காய்கறியும் பழமும் லாரி லாரியாக வந்து இறங்கும். காஷ்மீர் ஆப்பிள்கூட அங்கே வருகிறது. அங்கிருந்து கடைகளுக்குச் சரக்கு கொண்டு போவது சிறிய வண்டிகள். அவற்றில் மூன்று சக்கர வண்டிகள் நிறைய.

பலர் கடன் வாங்கித்தான் இந்த வண்டியை எடுக்கிறார்கள். புது வண்டி எடுப்பவர் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. மின்சார வண்டியா? எரிபொருளை மிச்சம் பிடிக்கும் என்ஜின் வண்டியா? முடிவு தவறினால் மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்.

டில்லிக்கு இப்படிப்பட்ட மாற்றம் புதிதல்ல. நகரத்துப் புகையைக் குறைக்க, பேருந்துகள் இயற்கை வாயுவில் ஓட வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2002 முடிவதற்குள் பேருந்துகள் மாறின. ஆனால் வாயு நிரப்பும் நிலையங்கள் போதவில்லை. ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வண்டி வந்துவிட்டது, நிரப்ப இடம் வரவில்லை! மின்சார வண்டிக்கும் இதே தொல்லை உண்டு.

முதலில் நல்லதைப் பார்ப்போம். சந்தைத் தெருவில் வண்டி நின்று நின்று போகும். நிற்கும் நேரத்திலும் என்ஜின் எரிபொருளைக் குடிக்கும். அதில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. மின்சார மோட்டார் நின்றால் செலவு நின்றது. பிரேக் போடும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வண்டிகளும் உண்டு.

இப்போது ஒரு கணக்கு. இதில் வரும் எண்கள் கணக்குக்காக மட்டும். அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஒருவர் நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வாயு வண்டிக்கு 2½ கிலோ வாயு வேண்டும். கிலோ 80 ரூபாய் என்றால் 200 ரூபாய். மின்சார வண்டிக்கு 10 யூனிட் வேண்டும். யூனிட் 7 ரூபாய் என்றால் 70 ரூபாய். நாளுக்கு மிச்சம் 130 ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டினால் 3,250 ரூபாய்.

மின்சார வண்டியின் விலை 1,20,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குச் சற்று மேலே ஓட்டினால் அந்தப் பணம் திரும்பி வரும். கடன் வட்டி தனி.

அதே வண்டி நாளுக்கு 40 கிலோமீட்டர்தான் ஓடினால்? மிச்சம் பாதியாகும். பணம் திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரி கிழடு தட்டிவிடும். ஆகவே நன்றாக ஓடும் வண்டிக்குத்தான் மின்சாரம் லாபம். ஆனால் ஒரு சார்ஜ் தாங்கும் தூரத்துக்குள் ஓட வேண்டும். இரவில் ஓரிடத்துக்குத் திரும்ப வேண்டும்.

அந்த "ஓரிடம்" எது? வாடகை அறையில் மூன்றாம் மாடியில் இருப்பவர் தெருவில் நிற்கும் வண்டிக்கு எப்படிச் சார்ஜ் ஏற்றுவார்? ஜன்னல் வழியாக ஒயர் தொங்கவிடுவது ஆபத்து. மட்டமான சார்ஜரால் தீப்பிடிக்கவும் கூடும். டில்லியின் கோடை வெயிலும் பேட்டரிக்கு ஆகாது.

தொலைதூர லாரிக்கு வேறு கணக்கு. காஷ்மீரிலிருந்து மலை இறங்கி வரும் லாரியில் பெரிய பேட்டரி வைத்தால் பாரம் கூடும். சரக்கு குறையும். வழியில் நெடுநேரம் நின்று சார்ஜ் ஏற்றினால் பழம் காத்திருக்காது. அங்கே இன்றைக்கு டீசல் என்ஜின்தான் கை கொடுக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகளுக்குப் பாரத் ஆறாம் நிலை விதி வந்தது. அதனால் புகை குறைந்தது. ஓட்டும் முறையிலும் டீசல் மிச்சமாகும். டயரில் சரியான காற்று வேண்டும். சீரான வேகத்தில் போக வேண்டும். நிற்கும்போது என்ஜினை அணைக்க வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

மின்சார வண்டி புகையே தராது என்பதும் முழு உண்மையல்ல. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் கிடைக்கிறது. தெருவில் புகை இல்லை. அனல் மின்நிலையத்தில் இருக்கிறது. என்றாலும் சந்தைத் தெருவில் நாள் முழுதும் மூச்சு விடுபவருக்கு இது பெரிய வித்தியாசம்தான்.

டில்லி அரசு 2021-ல் ஒரு சலுகை தந்தது. நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்குத் தடை உள்ள சாலைகளில் சிறிய மின்சார வண்டிகள் போகலாம் என்றது. ஒரு நாளில் ஒரு நடை கூடினால் அதுவும் வருமானம். 2023-ல் இன்னொரு திட்டம் வந்தது. 25 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் வைத்துப் பொருள் விநியோகிக்கும் நிறுவனங்கள், 2030 ஏப்ரலுக்குள் முழுவதும் மின்சார வண்டிக்கு மாற வேண்டும் என்கிறது அது.

அந்த வண்டியை வாங்குவது நிறுவனமா, ஓட்டுநரா? பேட்டரி போனால் யார் செலவு? சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? வேலைக்குச் சேருமுன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கி, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.