வழியும் ஒரு பொது மூலதனமே
(கிராம ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கடன் கொடுப்பதும், விதையும் உரமும் வாங்கிக் கொடுப்பதும், விளைபொருளை விற்றுத் தருவதும் சங்கத்தின் காரியங்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் நடைபாதையைப் பற்றிச் சங்கம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்பதே அக்கேள்வி. கேள்வி நியாயமானது. பாதை நம் காலடியில் எப்பொழுதும் கிடப்பதால் அதன் விலை நமக்குத் தெரிவதில்லை. நடைபாதையைத் தவிர வேறு வழியே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்தால் அந்த விலை நன்கு விளங்கும். ஆகையால் அத்தகைய ஓர் இடத்தைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

இந்துமகா சமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ரெயூனியன் என்னும் தீவு இருக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த அத்தீவு 1946-ம் ஆண்டு முதல் பிரான்சு தேசத்தின் ஒரு மாவட்டமாக இருந்து வருகிறது. தீவின் நடுவே எரிந்து ஓய்ந்த எரிமலையொன்று 3,070 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அம்மலையைச் சுற்றி மூன்று பெரும் பள்ளங்கள், செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ, கொப்பரைகளைப்போல் அமைந்திருக்கின்றன. சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்பன அவற்றின் பெயர்கள். முதலிரண்டுக்கும் மோட்டார்ச் சாலை உண்டு. மஃபாத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் இன்றளவும் சாலை கிடையாது. அங்கே ஏறக்குறைய 700, 800 பேர் சிறு சிறு ஊர்களில் வாழ்கின்றனர். நடந்தே போகவேண்டும், இல்லாவிடில் ஹெலிகாப்டரில் பறந்து போகவேண்டும். மூன்றாவது மார்க்கம் இல்லை.

இவ்வளவு கடினமான இடத்துக்கு மனிதர் ஏன் குடிபோனார்கள்? கரையோரத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்தவர்கள் சுதந்தரத்தை நாடி ஓடி ஒளிந்த இடம் அது. துரத்துவோர் எளிதில் வர முடியாமையே அதன் சிறப்பு. மஃபாத் என்பது அவ்வாறு தப்பிச்சென்ற ஒரு தலைவனின் பெயர் என்று சொல்லுகிறார்கள். 1848-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி அத்தீவில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைமுகங்களின் வழியாக நம் தமிழ் மக்களைப் பல்லாயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துப் போனார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அத்தீவில் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கரையோரத்தில் தங்கினர். விடுதலை பெற்றவர்களிலும், நிலமில்லாத ஏழை வெள்ளையரிலும் சிலர் மலைக்குள் சென்று மஃபாத்தில் குடியேறினர்.

அப்பள்ளத்தின் உள்ளே ஆழ்ந்த ஓடைகள் நிலத்தைத் துண்டு துண்டாய் அறுத்திருக்கின்றன. அவற்றின் நடுவே அகப்படும் சமமான திட்டுகளிலேதான் ஊர்கள் உள்ளன. அத்திட்டுகளை அவ்வூரார் சிறு தீவு என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். எதிர்த் திட்டில் ஏர் உழுகிறவன் கண்ணுக்குத் தெரியலாம். ஆயினும் அவனிடம் போய்ச் சேர ஓடைக்கு இறங்கி மறுபடி ஏறவேண்டும். ஆகவே அங்கே தூரத்தை மைலால் அளப்பதில் பிரயோஜனமில்லை, மணியாலேயே அளக்கிறார்கள். சலாசிப் பக்கத்திலிருந்து மஃபாத்துக்குள் இறங்கும் கணவாய்க்கு 'எருதுக் கணவாய்' என்று பெயர். அது சுமார் 1,950 மீட்டர் உயரம். அங்கிருந்து லா நுவெல் என்னும் ஊருக்கு இரண்டு மணி நேர நடை. அதற்கப்பால் மார்லா என்னும் ஊருக்கு மேலும் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். மார்லாவிலிருந்து சிலாவோஸ் போக 2,080 மீட்டர் உயரமுள்ள வேறொரு கணவாயைத் தாண்டவேண்டும்.

இனி நம் சங்கத்துக்கு உரிய விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மணி நேர நடையிலுள்ள ஓர் ஊருக்கு ஒரு டன் சிமிட்டி கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆள் 25 கிலோ சுமப்பானாகில் 40 நடை வேண்டும். போகவர நான்கு மணி நேரமாகக் கணக்கிட்டால் 160 மணி. எட்டு மணி வேலை நாளாகக் கொண்டால் 20 நாட் கூலி. பாதை கெட்டுப்போய், போகும்போது அரை மணியும் வரும்போது அரை மணியும் அதிகமாகிறது என்றால், 40 நடைக்கு 40 மணி, அதாவது ஐந்து நாட் கூலி வீணாகிறது. இந்த ஐந்து நாள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆயினும் கெட்ட பாதை ஒவ்வொரு சுமையின்மீதும் அதைத் தவறாமல் வட்டியாக வசூலித்துக் கொள்ளுகிறது. இக்காலத்தில் மஃபாத்துக்கு அரிசியும் சிமிட்டியும் எரிவாயுவும் ஹெலிகாப்டரில் வருகின்றன. அதனால் சுமை குறைந்தது, செலவு குறையவில்லை.

முற்காலத்தில் அங்குள்ள குடியானவர்கள் வாசனை ஜெரேனியம் பயிரிட்டு, ஊரிலேயே அதை வடித்து, எண்ணெயாகக் கீழே கொண்டுவந்து விற்றார்கள். ஏன் எண்ணெய் என்பதை யோசிக்க வேண்டும். தழையாகச் சுமந்தால் பல நடை. எண்ணெயாகச் சுமந்தால் ஒரு நடை. கனம் குறைந்து விலை மிகுந்த சரக்கே அப்பாதைக்கு ஏற்றது. எதை விளைவிப்பது, எதை விற்பது என்பதைக்கூடப் பாதையே தீர்மானித்தது.

பணத்தோடு மட்டும் இது நின்றுவிடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்ரின் போசே என்னும் தபால்காரர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மஃபாத்தின் ஊர்களுக்குக் கால்நடையாகவே தபால் கொண்டுபோய்க் கொடுத்தார். கடிதமும் பணமும் செய்தியும் அவருடைய கால்களால் ஊர் சேர்ந்தன. ஊர்கள் சிலவற்றில் ஆரம்பப் பாடசாலைகள் உண்டு. மேற்படிப்புக்குப் பிள்ளைகள் பள்ளத்தை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கவேண்டும். நோயாளி ஒருவருக்கு உயிராபத்து நேர்ந்தால் ஹெலிகாப்டர் வரவேண்டும். மேகம் மூடினால் அதுவும் வரமுடியாது. அப்பொழுது மனிதனுக்கு மிஞ்சியது பாதை ஒன்றே.

அப்படிப்பட்ட பாதைக்குப் பகைவர் இருவர். முதற் பகைவன் தண்ணீர். அத்தீவில் பெய்யும் மழை உலகத்தில் பேர்போனது. 2007-ம் ஆண்டு பிப்ரவரியில் கமேத் என்ற புயலின்போது அத்தீவின் எரிமலைப் பக்கத்தில் மூன்று நாட்களில் 3,930 மில்லிமீட்டர் மழை பெய்து, உலகக் கணக்கில் முதலிடம் பெற்றது. மலைப்பாதையில் தண்ணீர் பாதையோடு ஓட விட்டோமானால் அது பாதையையே ஓடையாக்கிவிடும். ஆகையால் பாதையின் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கல்லோ மரக்கட்டையோ பதித்து, தண்ணீரைச் சரிவுப் பக்கமாகத் திருப்பி வெளியேற்றிவிட வேண்டும். பெரிய மழைக்குப் பின் சரிந்த மண்ணை அள்ளி, தடுப்புச் சுவரின் பெயர்ந்த கற்களை உடனே அடுக்க வேண்டும். இன்று ஒரு கல் பெயர்ந்ததைக் கவனியாவிடில் அடுத்த மழையில் சுவரே போய்விடும்.

இரண்டாவது பகைவன் குறுக்கு வழி போகிறவன். செங்குத்தான சரிவில் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒருவன் இரண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்க எண்ணி வளைவின் குறுக்கே நேராக இறங்குகிறான். அவன் பின்னால் மற்றொருவன். புல் அழிகிறது, தடம் விழுகிறது, மழைநீர் அத்தடத்தைக் கண்டுபிடித்துக் கொள்ளுகிறது. இரண்டு வருஷத்தில் கீழ் வளைவு அறுந்து போகிறது. மிச்சம் பிடித்தவன் ஒருவன். நஷ்டப்பட்டது ஊர் முழுவதும்.

அங்கத்தினர்களே, இவனை நாம் அறிவோம். தவணையில் கடனைத் திருப்பிக் கட்டாமல், தனக்கு ஒரு பருவம் லாபம் என்று எண்ணுகிறவன் இவனே. முதலில் ஒருவன் தவறுகிறான். அவனைப் பார்த்து மற்றவன் தவறுகிறான். கடைசியில் சங்கம் அறுந்து போகிறது. நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவது தங்காது. பாதையும் அவ்வாறே.

மஃபாத்தில் நிலம் சர்க்காருடையது. குடிகள் அதில் அநுபோக உரிமை மாத்திரம் பெற்று வாழ்கிறார்கள். பாதைகளை வனத்துறையார் பராமரிக்கிறார்கள். அவ்வூராரில் சிலரையே அவ்வேலைக்கு அமர்த்துகிறார்கள். மலையைப் பார்க்க நடந்து வரும் யாத்திரிகர்களுக்கு உணவும் படுக்கையும் கொடுத்து இன்று பல குடும்பங்கள் பிழைக்கின்றன. 2010-ம் ஆண்டில் அம்மலைகள் உலகப் பாரம்பரியச் செல்வமாக ஏற்கப்பட்டன. பாதை நன்றாயிருந்தால் யாத்திரிகர் வருவர். பாதை அடைபட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆகவே, நம் அங்கத்தினரின் கேள்விக்கு விடை இதுதான். வழியும் ஒரு பொது மூலதனம். நம் பங்குத்தொகை பெட்டியில் இருக்கிறது. இந்த மூலதனம் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடக்கிறது. பெட்டிக்குப் பூட்டுப் போடும் நாம் இதற்கு ஒரு மண்வெட்டியாவது எடுக்க வேண்டாமா? மழைக்காலம் தொடங்குமுன் வீட்டுக்கு ஓர் ஆளாக ஒரு நாட்காலை வந்து நீர்க்கால்களைத் திறந்து விடுவோம். குறுக்குத் தடங்களில் முள்ளை வெட்டிப் போட்டு அடைப்போம். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் பாதையைப் பார்த்துவர இருவரை நியமித்து, அவர்கள் சொல்வதைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வைப்போம். சர்க்கார் செய்யவேண்டிய பெரிய வேலையைச் சர்க்காரிடம் கேட்போம். நாம் செய்யக்கூடிய சிறிய வேலைக்கு ஒருவரையும் எதிர்பார்க்க வேண்டாம்.