உங்க வைஃபை, உங்க வாசல்: பூட்டிட்டீங்களா?

நேத்து இணையவழிப் பயிற்சியில் பேசியதைக் கேட்க முடியாதவங்களுக்காக இங்கே எழுத்தில்.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. அதுக்குச் சில நிமிஷம் முன்னாடி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்தது. ஐ.பி. முகவரியைப் பிடிச்சுப் போன போலீஸ் நின்ன இடம், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீடு. அவருக்கும் மெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வைஃபையை வேற யாரோ பயன்படுத்தியிருந்தாங்க. ஆனா விசாரணை அவருக்குத்தான்.

உங்க வைஃபையில் யார் என்ன செஞ்சாலும், முதல்ல தட்டுவது உங்க வீட்டுக் கதவைத்தான்.

இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க:

🔒 ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்டு வேற, இது வேற. பல வீட்டில் இன்னும் 'அட்மின்' என்றே கிடக்கு.

🔒 செக்யூரிட்டியில் டபிள்யூ.பி.ஏ.3, இல்லைன்னா டபிள்யூ.பி.ஏ.2 வைங்க. டபிள்யூ.இ.பி. 2001லேயே உடைஞ்ச பூட்டு.

🔒 டபிள்யூ.பி.எஸ். வசதியை ஆஃப் பண்ணுங்க. அதன் 8 இலக்க பின்னை ரவுட்டர் ரெண்டு பாதியாகச் சரிபார்க்கும். அதனால் பழைய ரவுட்டர்களில் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடிச்சிடலாம்.

🔒 வைஃபை பாஸ்வேர்டு நீளமா இருக்கட்டும். செல் நம்பர், பிள்ளைங்க பேர் வேண்டாம்.

🔒 விருந்தாளிகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்க.

முடிச்சிட்டீங்களா? பக்கத்து வீட்டுப் பெரியவங்களுக்கும் செஞ்சு கொடுங்க. இதுவும் களப்பணிதான்.