கணினியோடு சேர்ந்து எழுந்திருப்பவர்கள் யார்?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், உறுப்பினர்களுக்குக் கணினிப் பயிற்சி தரும் சகோதரி பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி பற்றிப் பேசுவோம். இன்று கணினி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் பணத்தை மிச்சம் பிடிக்கிற பேச்சுதான். போகப் போகத் தெரியும்.

நம்மில் பல பேர் வீட்டில் இப்போது கணினி இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பிள்ளைகள் வாங்கி வந்த மடிக்கணினியைப் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் உண்டு. பட்டுச் சேலைக்கு டிசைன் போட வாங்கிய வீடுகள் உண்டு. குழுக் கணக்கை ஏற்ற, பிள்ளைகள் படிக்க என்று வாங்கிய வீடுகளும் உண்டு. எல்லோரும் சொல்வது ஒரே குறைதான். "போட்டுட்டு போய் உலை வச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு அக்கா" என்கிறார்கள்.

ஏன் சுத்துகிறது? 2019-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நம்ம வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் வைபவம் நடந்தது. 40 ஆண்டுக்கு ஒரு முறை என்பதால் ஒரு கோடிக்கும் மேலே ஜனம் வந்தது. அப்போது கோயில் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர் வீட்டு வாசலைத் தாண்டிப் பால் வாங்கப் போக முடிந்ததா? தெரு அதே தெருதான். ஒரே நேரத்தில் எல்லோரும் உள்ளே நுழைந்ததால் யாராலும் நகர முடியவில்லை.

கணினியிலும் இதுதான் நடக்கிறது. பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் எழுந்திருக்கிறது. அதன் பின்னாலேயே நாம் கூப்பிடாத புரோகிராம்களும் தானாக எழுந்து வருகின்றன. இவற்றைத்தான் ஸ்டார்ட்அப் புரோகிராம் என்கிறார்கள். பழைய கணினியில் தகவல் இருக்கிற ஹார்டு டிஸ்க், தட்டு சுழன்று சுழன்று ஒரு முள் வந்து படிக்கிற வகை. பத்து புரோகிராம் ஒரே நேரத்தில் "எனக்கு, எனக்கு" என்று கேட்டால் அந்த முள் அங்கேயும் இங்கேயும் அலைகிறது. நினைவகமும், அதாவது ராமும், நிரம்பிப் போகிறது. நாம் திறக்க வந்த குழுக் கணக்கு வரிசையில் கடைசியில் நிற்கிறது.

இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதற்கு நம்ம தறியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஜக்கார்டு பெட்டி பார்த்திருக்கிறீர்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை தூக்கும், ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது. அட்டைக் கட்டு சொல்கிறபடி சேலையில் யானையும் மயிலும் விழுகின்றன. 1804-இல் பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு என்பவர் இதைச் செய்தார். இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்குப் போடும் இயந்திரத்துக்கு அட்டையில் கட்டளை கொடுக்க நினைத்தார். 1890-இல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கை ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத்தான் எண்ணினார்கள். ஆகவே கணினி நமக்குப் புதிய ஆள் இல்லை சகோதரிகளே, தறிக்குச் சொந்தக்காரன்தான்.

புரோகிராம் என்பதும் ஓர் அட்டைக் கட்டுதான். ஒரு புரோகிராமைப் போடும்போது, சில சமயம் அது நம்மிடம் சரியாகச் சொல்லாமலே தன் அட்டையையும் நம்ம கட்டின் முதலில் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறது. மறுநாள் தறியில் உட்கார்ந்ததும் முதலில் அவர்கள் அட்டைதான் ஓடும். அந்த அட்டையை அவிழ்த்து வைக்கும் வழியைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

சமீபத்தில் ஒரு குழுவில் கடன் மனு வந்தது. மகள் கல்லூரியில் படிக்கிறாள், கணினி எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆகிறது, கடைக்காரர் இனி இது தேறாது என்று சொல்லிவிட்டார், புதிதாக வாங்க 30,000 ரூபாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் முதல் மாதமே 300 ரூபாய் வட்டி. அந்தக் குழுவின் பிரதிநிதி, "கடன் தருகிறோம், அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்றார். போய்ப் பார்த்தோம். வீடியோவில் பேசுகிற புரோகிராம், பாட்டுக் கேட்கிற புரோகிராம், பையன் போட்ட விளையாட்டு, எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் புரோகிராம் எல்லாம் காலையில் சேர்ந்தே எழுந்துகொண்டிருந்தன. அவற்றை நிறுத்தினோம். மகள் அந்தக் கணினியிலேயே படிப்பைத் தொடர்கிறாள். அந்தக் கடன் தையல் இயந்திரம் வாங்க இன்னொரு உறுப்பினருக்குப் போனது. ஒரு பைசா செலவில்லாத வேலை இது.

இப்போது செய்முறை. விண்டோஸ் 10, 11 இருக்கிற கணினிக்கு இது.

முதல் படி. விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கன்ட்ரோல் பெரும்பாலும் கீழே இடது ஓரத்தில் இருக்கும், அதற்கு மேலே ஷிஃப்ட், எல்லாவற்றுக்கும் மேலே இடது மூலையில் எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் என்ற பெட்டி திறக்கும். விண்டோஸ் 10-இல் அது சின்னதாகத் திறந்தால், கீழே "மோர் டீடெய்ல்ஸ்" என்பதை அழுத்திப் பெரிதாக்குங்கள்.

இரண்டாம் படி. விண்டோஸ் 10-இல் மேலே வரிசையாக இருக்கும் தலைப்புகளில் "ஸ்டார்ட்அப்" என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 11-இல் அது இடது பக்கம் "ஸ்டார்ட்அப் ஆப்ஸ்" என்று இருக்கும். நம்ம வருகைப் பதிவேடு மாதிரி ஒரு பட்டியல் வரும். முதலில் புரோகிராமின் பெயர், அடுத்து அதைச் செய்த நிறுவனம், அடுத்து "எனேபிள்டு" அல்லது "டிசேபிள்டு". எனேபிள்டு என்றால் தானாக எழுகிறது, டிசேபிள்டு என்றால் எழவில்லை. கடைசியில் அது எவ்வளவு பாரம் என்று இருக்கும். "ஹை" என்றால் பெரிய பாரம், "லோ" என்றால் சின்னப் பாரம்.

மூன்றாம் படி. வேண்டாத பெயரின் மேல் ஒரு தடவை அழுத்தி, "டிசேபிள்" பொத்தானை அழுத்துங்கள். அவ்வளவுதான். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

விண்டோஸ் 7 இருந்தால் வழி வேறு. விண்டோஸ் படம் போட்ட விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சிறு பெட்டியில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்தையும் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். "ஸ்டார்ட்அப்" என்ற தலைப்பில் போய், வேண்டாததன் முன்னால் இருக்கிற டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். அதே பெட்டியில் "பூட்", "சர்வீசஸ்" என்றும் தலைப்புகள் இருக்கும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எதை நிறுத்தலாம்? பாட்டு, விளையாட்டு, வீடியோ கூட்டம் நடத்துகிற புரோகிராம்கள், இல்லாத பிரிண்டருக்கான புரோகிராம், இவற்றை நிறுத்தலாம். தேவைப்படும்போது நாமே அழுத்தித் திறந்துகொள்ளலாம். பழைய கணினிகளில் ஸ்கைப் இருக்கும். அந்தச் சேவையையே 2025 மே 5-இல் மூடிவிட்டார்கள். கடை மூடிய பிறகும் காலையில் வந்து வாசலில் நிற்கிற ஆள் மாதிரி அது.

எதைத் தொடக்கூடாது? இதைக் கவனமாகக் கேளுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி என்பது காவல்காரன், அதை நிறுத்தக்கூடாது. சவுண்டு, திரை, விரலால் தடவுகிற டச்பேடு இவற்றுக்கானவற்றை விட்டுவிடுங்கள். வங்கி சகியாக வேலை செய்கிற உறுப்பினர்கள் கைரேகைக் கருவிக்கான புரோகிராமைத் தொட வேண்டாம். தொட்டால் மறுநாள் ஆதார் கைரேகை விழாமல் போகலாம், பணம் எடுக்க வந்த பாட்டி திரும்பிப் போக வேண்டி வரலாம். தமிழில் அடிக்க என்.ஹெச்.எம். ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்றவற்றை வைத்திருந்தால் அவையும் இருக்கட்டும். ஒன்டிரைவ் இருந்தால் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். பாடக் கோப்புகளை அது பிரதி எடுத்துக்கொண்டிருக்கலாம். நிறுத்தினால், திரும்பத் திறக்கிற வரை பிரதி எடுக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம். குழுவில் தீர்மான நோட்டு இல்லாமல் எதையும் செய்வோமா? இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, நிறுத்தியதன் பெயர், மறுநாள் கணினி எப்படி இருந்தது என்று மூன்று கட்டம் போதும். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டை மட்டும் நிறுத்துங்கள். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் நோட்டைப் பார்த்து அதே இடத்தில் "எனேபிள்" கொடுங்கள், பழையபடி வந்துவிடும். மொத்தமாக நிறுத்திவிட்டால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

கணினி மெதுவாக இருக்கிறது என்கிற நம்ம கவலையை வைத்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் கணினியில் பிழை, இங்கே அழுத்தினால் வேகமாகும்" என்று திரையில் வந்தால் அழுத்தாதீர்கள். "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள், நாங்களே சரிசெய்கிறோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எனிடெஸ்க் நல்ல வேலைக்கும் பயன்படுகிற புரோகிராம்தான். ஆனால் அதில் வருகிற எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால், எங்கேயோ இருக்கிற ஆள் நம்ம கணினியை ஓட்டலாம். அப்படிப் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இதனால் பழைய கணினி புதியதாகிவிடாது. இதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால், சுழலுகிற ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். புதுக் கணினியை விட அதற்கு மிகக் குறைந்த செலவுதான். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு வழக்கமான புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-இலும் நின்றுவிட்டன. ஆகவே விண்டோஸ் 7 கணினியில் கணக்கு எழுதலாம், டிசைன் போடலாம், வங்கி வேலை வேண்டாம்.

கூட்டத்தில் சகோதரிகள் கேட்ட கேள்விகளும் பதில்களும்:

"டிசேபிள் பண்ணா அந்தப் புரோகிராம் அழிஞ்சுடுமா அக்கா?"

அழியாதும்மா. தானா எழுந்திருக்காது, அவ்வளவுதான். நீங்க அழுத்தினா திறக்கும். கோப்பும் போட்டோவும் இருந்த இடத்துலேயே இருக்கும்.

"நிறுத்தினது சில நாள்ல மறுபடியும் வந்துடுது, ஏன்?"

சில புரோகிராம் தன்னைப் புதுப்பிச்சுக்கும்போது மறுபடி பட்டியல்ல ஏறிக்கும். அந்தப் புரோகிராமையே திறந்து செட்டிங்ஸ்ல பாருங்க. கணினி தொடங்கும்போது தானே திறக்கணும்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பட்டியலைப் பார்க்கிறது நல்லது.

"நிறுவனத்தோட பேர் இருக்கிற கட்டம் காலியா இருக்கு. திருட்டுப் புரோகிராமா?"

காலியா இருந்தா உடனே திருட்டுன்னு அர்த்தமில்லை. அது மேல மவுஸோட வலது பக்கத்தை அழுத்தினா "சர்ச் ஆன்லைன்"னு வரும், அதுல என்னன்னு தேடலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில ஒரு ஸ்கேனும் போடுங்க. ஆனா உங்க வீட்ல யாரும் போடாத எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி பேர் இருந்தா, முதல்ல நெட்டை அணைச்சுட்டு, யார் போட்டதுன்னு விசாரிங்க.

"எங்க வீட்ல கணினியை மகன்தான் தொடுவான். நான் தொட்டா கெட்டுடும்னு சொல்றான்."

ஜக்கார்டு பெட்டியை மாட்டின வீட்டுப் பெண்களுக்கு இது கெட்டுடும்னு சொன்னா எப்படிம்மா? நான் சொன்ன பட்டியல்ல நின்னு செய்யறது எல்லாமே திரும்ப மாத்தக்கூடியது. மகனையும் பக்கத்துல உட்கார வைங்க. விளையாட்டு எத்தனை இருக்குன்னும் அப்போ தெரிஞ்சுடும்!

(சிரிப்பு)

சகோதரிகளே, நம்ம குழுக் கூட்டத்தில் யார் பேச வேண்டும், எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்கிறோம். நம்ம காசில் வாங்கிய கணினியில் காலையில் யார் எழ வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்வோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் நோட்டில் எழுதிய பக்கத்தைக் கொண்டுவாருங்கள். எதை நிறுத்தினீர்கள், என்ன பலன் என்று ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் சொல்லுங்கள். கடன் மனுவில் கணினி என்று வந்தால், பிரதிநிதிகள் முதலில் இந்தப் பட்டியலைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.