முதுகைத் தொடும் கை

(முதுகு, மூட்டு வலி சிகிச்சை உதவியாளர் பயிற்சியின் தொடக்க நாளில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், உப்பளத்தில் குனிந்து உப்பு வாருபவர், கடலில் சங்கு குளிப்பவர் என்று உடம்பால் உழைப்பவர்கள் நிறைந்த ஊர் தூத்துக்குடி. முதுகு வலி இல்லாத வீடு குறைவு. கழுத்தைச் சடக்கென்று திருப்பும் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அப்படிச் செய்பவர்களைத் தேடி நம் மக்கள் போகிறார்கள். அமெரிக்காவில் 1895இல் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய கைரோபிராக்டிக் முறை அது. பிசியோதெரபிக்கு நம் நாட்டில் 2021இல் வந்த சட்டம் உண்டு. கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. ஆகவேதான் உங்களைப் பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் கீழ் அமர்த்துகிறோம்.

நம் மஹல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு குளித்துவிட்டு வந்த சகோதரர் ஒருவருக்குத் தோள் வலி. ஓரிடத்தில் சிகிச்சையாளர் வெளியே போயிருந்தார். இருந்த பையன் எண்ணெய் தடவி இழுத்துவிட்டான். மறுநாள் காலையில் அவருக்கு இரு கால்களும் மரத்துப்போயின. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழிகளாகும். அந்த வலிக்குத் தேவை ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும்தான். பையன் கெட்டவன் அல்ல. "கடலுக்குப் போனீர்களா?" என்று கேட்க அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவனைத் தனியே விட்டுப்போனவர்மீதுதான் நமக்கு வருத்தம்.

எனவே முதல் மாதம் முழுவதும் கேட்கவும் எழுதவும் மட்டுமே பழகுவீர்கள். கீழே விழுந்தாரா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிகிறதா, சிறுநீர் அடைக்கிறதா, இடுப்புக்குக் கீழ் மரத்திருக்கிறதா, கடலுக்குப் போனாரா என்று கேளுங்கள். ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் கை வைக்காமல் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். பிறகு ஒற்றடம், நோயாளியைத் தூக்கி அமர்த்துவது, சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியைக் கூட நின்று செய்யவைப்பது. கழுத்தையோ முதுகெலும்பையோ திருப்புவது உங்கள் வேலையே அல்ல. நோயாளி கெஞ்சினாலும் சரி, காசு நீட்டினாலும் சரி. கழுத்தைத் தவறாகத் திருப்பினால், அரிதாக என்றாலும், இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

மருத்துவம் அறியாதவர் கை வைத்துத் தீங்கு நேர்ந்தால் அவரே ஈடு கொடுக்கவேண்டும் என்பது நாம் மதரஸாவில் ஓதிய சட்டம். அந்தப் பொறுப்பு மேற்பார்வையாளருக்கும் உண்டு என்றே நாம் கருதுகிறோம். அவர் நிலையத்தில் இல்லாத நேரத்தில் சிகிச்சை கிடையாது. தினமும் உங்கள் பதிவேட்டில் அவர் கையெழுத்திடவேண்டும். இதற்கு அவர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வலியைச் சொல்லக் கூச்சப்பட்டே வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் நம்மில் அதிகம். அவர்களுக்குப் பெண் உதவியாளர்கள் வேண்டும். இதுவரை பெயர் கொடுத்த பெண் பிள்ளைகள் இருவர் மட்டுமே. உங்கள் மகளையும் மருமகளையும் அனுப்புங்கள்.

முதல் வகுப்பு, இன்ஷா அல்லாஹ், திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வாருங்கள்.