குண்டு போடுகிற கை எது?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

கருவியின் வடிவத்தைத் தீர்மானிப்பது கையா, வேலையா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் 'கைதான்' என்று கத்தரிக்கோலைக் காட்டினார். சரி. போகிற போக்கில் ஒரு துப்பாக்கியையும் நீட்டிவிட்டார். "பழைய கவ்பாய் ரிவால்வரைப் பாருங்க, குண்டு போடுகிற கதவு வலப்பக்கம். வலக்கைக்காரன் தனக்காகச் செஞ்சுக்கிட்டது" என்றார். ஐயா, அந்தத் துப்பாக்கி உங்க பக்கம் வெடிக்காது! (சிரிப்பு)

அவர் சொன்னது 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் ரிவால்வர். ஆறு அறை உள்ள உருளை. பின்னால் வலப்பக்கம் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து ஒவ்வொரு குண்டாகப் போடணும். சுட்ட பிறகு காலிக் கூட்டை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளி வெளியே எடுக்கணும். இப்ப யோசிச்சுப் பாருங்க. வலக்கையால் சுடுகிறவன், வலப்பக்கக் கதவில் வலக்கையால் எப்படிக் குண்டு போடுவான்? துப்பாக்கியை இடக்கைக்கு மாத்தணும். இடக்கையால் சுடுகிறவனுக்கு அந்த வேலையே இல்லை. பிடித்த கை பிடித்தபடி இருக்க, வலக்கை சும்மா இருக்கு, போட்டுக்கிட்டே போகலாம். அவனுக்கு அல்லவா வசதி! (கைதட்டல்)

இதைப் பார்த்துத்தான், "சாமுவேல் கோல்ட் இடக்கைக்காரர், அதனால் இப்படிச் செய்தார்" என்று கதை கட்டினார்கள். அவர் 1862-லேயே காலமாகிவிட்டார். 1873 துப்பாக்கிக்கு அந்தக் கம்பெனியில் வடிவம் கொடுத்தவர் வில்லியம் மேசன். செத்தவர் கையைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா நடுவர் அவர்களே? (சிரிப்பு)

காரணம் நம்ம வீட்டுத் தையல் பெட்டியில் இருக்கு. ஊசியில் நூல் கோர்க்கும்போது ஊசி எந்தக் கையில்? பெரும்பாலும் இடக்கையில். நூல்? வலக்கையில். பிடிக்கிற வேலை ஒரு கைக்கு, நுணுக்கமான வேலை பழகின கைக்கு. கோல்ட் உயிரோடு இருந்தபோது செய்த துப்பாக்கிகளிலும் மருந்துத் தொப்பி வைக்கிற பள்ளம் வலப்பக்கம்தான். "அதுவும் வலக்கைதானே" என்பீர்கள். ஆமாம்! ஆனா நல்ல கையைச் சுடுவதற்குக் கொடுப்பதா, நிரப்புவதற்குக் கொடுப்பதா என்று முடிவு செய்தது எது? வேலை!

அடுத்து 1875. குதிரை மேல் உட்கார்ந்து, கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குண்டாகப் போட முடியுமா? ஸ்கோஃபீல்ட் என்ற குதிரைப்படை அதிகாரி ஏற்கெனவே இருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் கொக்கியை மாற்றித் தந்தார். நடுவில் மடக்கினால் காலிக் கூடெல்லாம் ஒரே தடவையில் வெளியே. பக்கக் கதவே கிடையாது. இது எந்தக் கைக்காரருக்காக? குதிரைக்காக! (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. பில்லி தி கிட் என்ற பிரபல ரவுடியை உலகமே இடக்கைக்காரன் என்று நம்பியது. 1958-இல் அந்தப் பெயரிலேயே படமும் வந்தது. நம்பியதற்கு ஆதாரம் ஒரே ஒரு தகரத் தகட்டுப் போட்டோ. இடப்பக்க இடுப்பில் துப்பாக்கி. ஆனா கையில் இருந்த வின்செஸ்டரைக் கவனித்தார்கள். குண்டு போடுகிற வாய் அதில் வலப்பக்கம் இருக்கணும், படத்தில் இடப்பக்கம். அந்தக் காலத் தகட்டுப் படம் கண்ணாடி மாதிரி, இடம் வலம் மாறித்தான் விழும்! பாவம், வலக்கைக்காரன். அந்தத் தகடு 2011-இல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எதிரணிக்கு ஒன்று விட்டுத்தருகிறேன். 1889-க்குப் பிறகு உருளை இடப்பக்கம் சாய்கிற ரிவால்வர் வந்தது. கொக்கியும் இடப்பக்கம், வலக்கைப் பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில். அதில் இடக்கைக்காரர் திண்டாடுவது உண்மை. அதைத் திருப்பிப் போட்டு, அவர்களுக்கென்றே ஒரு ரிவால்வரைச் சார்ட்டர் ஆர்ம்ஸ் செய்தது. அதற்கு நூறு வருஷத்துக்கு மேலாச்சு. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. வீட்டில் இடக்கையால் எழுதுகிற பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறவர்கள் எதிரணியில் இருந்தால், அதற்கு மட்டும் அடுத்துப் பேசுகிறவர் பதில் சொல்லட்டும்.

(கைதட்டல்)