பாட்டின் தெரிவும் பாடுவோர் மனமும்



குரல்வளம் வாய்த்தால் பாடகராகிவிடலாம் என்று எண்ணுவோர் பலர். குரல் ஒருவரை மேடைக்கு அழைத்து வரும் என்பது உண்மையே. ஆனால், அரை நூற்றாண்டுக் காலம் அவரை அங்கே நிலைநிறுத்துவது எது? கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் இசைவாழ்வைக் கொண்டு இதனைச் சிறிது சிந்திப்போம்.

1908 இல் பிறந்த சுந்தராம்பாள், சிறுமியாக இருக்கும்போதே நாடக மேடை ஏறியவர். கொழும்புக்கும் வந்து பாடி நடித்துப் புகழ் ஈட்டியவர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். ஆகவே, உச்ச சுருதியில், எழுத்தெழுத்தாகத் தெளியப் பாடுவதே அன்றைய பயிற்சி. பின்னர் எஸ். ஜி. கிட்டப்பாவின் வாழ்க்கைத் துணைவியானார். இருவரும் இணைந்து மேடையிற் பாடுவதைக் கேட்க மக்கள் திரண்டனர்.

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்றுமுதல் வெள்ளை ஆடை உடுத்தார். ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். நாடகப் பாடகி ஒருவர் காதற் பாடல்களைக் கைவிடுவதென்பது, வியாபாரி தன் முதலையே கைவிடுவதற்கு ஒப்பானது.

அது சமூகம் விதித்த கைம்மைக் கோலந்தானே எனச் சிலர் கேட்கக்கூடும். உடை அவ்வாறிருக்கலாம். ஆனால், கைம்பெண்ணை ஒரு மூலையில் இருத்திவைத்த சமூகம் அது. அதன் நடுவே மீண்டும் மேடைக்கு வந்ததும், எதைப் பாடுவது என்று தீர்மானித்ததும் அவரே. 1935 இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அதில் அவர் ஏற்றது நாயகி வேடமன்று, நந்தனார் வேடமே. படம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. அதற்காக அவர் தமது உறுதியைத் தளர்த்தவுமில்லை.

பக்திப் பாடல், தேசியப் பாடல், விருத்தம் என்பனவே அவர் வழியாயின. விருத்தத்திலே தாளக்கட்டு இல்லை. சொல்லே இசையை நடத்திச் செல்லும். சொற்றெளிவு மிக்க அவரது குரலுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. ஆகவே, நேர்மை என்பது மனத்தூய்மை மட்டுமன்று. தன் தொண்டைக்கு ஏற்றது எது என அறிந்து, அதற்குள் நிற்பதும் நேர்மையே.

அதன் பயன் காலம் கடந்து கிட்டியது. இளமைக் குரலை நம்பிய பாடகர் முதுமையில் ஒதுங்க நேரும். இவருக்கோ 1953 இல் 'ஔவையார்', 1964 இல் 'பூம்புகார்' கவுந்தியடிகள், 1965 இல் 'திருவிளையாடல்' என வயது ஏற ஏற இடமும் உயர்ந்தது. 1969 இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசிய விருது கிடைத்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். 1980 இல் மறைந்தார்.

இன்றைய இசைப்போட்டிகளிலே, பிறர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை அச்சொட்டாகப் பாடிக் கைதட்டல் பெறும் இளையோரைக் காண்கிறோம். பயிற்சிக்கு அது நன்று. ஆயினும், பரிசும் கைதட்டலும் இல்லையென்றாலும் நான் பாட விரும்பும் பாட்டு எது என்ற கேள்வியை, அவர்கள் ஒருநாள் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் கிடைக்கும் விடையிலிருந்தே அவர்களது சொந்த இசை தொடங்கும்.